ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்... பர்தாவைத் தாண்டி வங்கதேச வீடுகளுக்குள் நுழைந்த 'ஆபா'க்கள்!

அரை சேர் தண்ணீரில் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். கலக்கினால் முடிந்தது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையின் உயிரைப் பிடித்து நிறுத்த, பெரும்பாலான நேரங்களில் இதுவே போதும்.

இந்த ஒற்றை விஷயத்தைச் சொல்லித்தர, 1980-ல் தொடங்கி 10 வருடங்கள் வங்கதேச கிராமங்கள் முழுக்க இளம்பெண்கள் நடந்தார்கள். 75,000-க்கும் மேற்பட்ட கிராமங்கள். சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகர்கிற வேலை இல்லை இது. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மாவின் கையாலேயே கலக்க வைத்து, ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

'முஸ்லிம் நாடுகள் ஏன் முன்னேறவில்லை?' என்று ஒரு கேள்வி வாட்ஸ்அப் குரூப்களில் அவ்வப்போது சுற்றும். அதற்கு இரண்டு ரெடிமேட் பதில்களும் கூடவே வரும். மதம்தான் காரணம் என்று ஒரு கூட்டம். மதத்தைச் சரியாகப் பின்பற்றாததுதான் காரணம் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் வங்கதேசத்தின் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். 10 பேரில் 9 பேர் முஸ்லிம்களாக இருக்கும் நாடு அது. அங்கே நடந்தது இந்த இரண்டு பதில்களுக்குள்ளும் அடங்காது.

'தேறாது' என்று முத்திரை குத்தப்பட்ட நாடு

1970 நவம்பரில் போலா புயல். குறைந்தது 3 லட்சம் பேரைக் கடல் கொண்டுபோனது. அடுத்த வருடமே விடுதலைப் போர். சுமார் 1 கோடிப் பேர் அகதிகளாக இந்திய எல்லையைத் தாண்டி வந்தார்கள். 1974-ல் பஞ்சம். பிறந்த மூன்றாவது வருடத்திலேயே பஞ்சத்தைப் பார்த்த நாடு. அப்போது அங்கே பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று, ஐந்தாவது பிறந்தநாளைப் பார்க்காது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறேழு பிரசவங்கள். இந்த நாடு தேறாது என்று வெளிநாட்டு அதிகாரிகள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

குழந்தைகளைக் கொண்டுபோன நோய்களில் முக்கியமானது வயிற்றுப்போக்கு. வெள்ளம் வந்தால் குடிநீரும் சாக்கடையும் ஒன்றாகிவிடும் டெல்டா பூமி. காலராவுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நோய் மட்டுமல்ல, மருந்தும் அங்கேதான் நிரூபிக்கப்பட்டது. 1968-ல் டாக்காவின் காலரா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று காட்டினார்கள். உடம்பு உப்பையும் தண்ணீரையும் தனியாக உறிஞ்சத் தடுமாறும்போது, சர்க்கரை கூட இருந்தால் குடல் கதவைத் திறந்துவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

1971-ல் எல்லையின் இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. கொல்கத்தா டாக்டர் திலீப் மஹாலனபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்துவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த சாவு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவ உலகமே நிமிர்ந்து பார்த்த சம்பவம் அது.

ஆஸ்பத்திரியிலும் முகாமிலும் சரி. கிராமத்து வீட்டுக்குள் இதை எப்படிக் கொண்டுபோவது? சிக்கல் அங்கேதான் இருந்தது.

வாசலோடு நின்றுபோன டாக்டர்கள்

அந்தக் காலத்து வங்கதேச கிராமத்தில் பெண்கள் கடைத்தெருவுக்குப் போக மாட்டார்கள். அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் ஆண்கள்தான் வாங்கி வருவார்கள். உறவில்லாத ஆணின் முன்னால் வருவதில்லை. குழந்தைக்கு முடியவில்லை என்றாலும் கணவனோ மாமியாரோ சொல்லாமல் படியைத் தாண்ட முடியாது. சுகாதார ஊழியர் ஆணாக இருந்தால், அவர் பேசுவது வெளிமுற்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம். குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம்.

இந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தால், இன்றுவரை இடித்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் வேறு வழி பார்த்தது. சுவருக்கு உள்ளே போகக்கூடியவர் யார்? இன்னொரு பெண்.

பிராக்கைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் அபேத், சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய வேலையில் இருந்தவர். கணக்காளர். போலா புயலின் பிணங்களைப் பார்த்தபிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்ப அவரால் முடியவில்லை. லண்டனில் இருந்த தன் ஃபிளாட்டை விற்று, அந்தப் பணத்தோடு 1972-ல் சுல்லா என்ற மூலையில் நிவாரண வேலையை ஆரம்பித்தார். அதே சுல்லாவில்தான் 1979-ல் உப்பு-வெல்லக் கரைசலைச் சொல்லித்தரும் முதல் சோதனை நடந்தது. கடையில் விற்கும் பாக்கெட் எல்லா கிராமத்துக்கும் போய்ச் சேராது. ஆனால் உப்பும் வெல்லமும் இல்லாத வங்காள வீடு உண்டா? 'லோபோன்-குர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லோபோன் என்றால் நம் லவணம்தான். குர் என்றால் வெல்லம்.

அடுத்த வருடம் குழுக்கள் கிளம்பின. ஒரு குழுவில் 14 இளம்பெண்கள், ஒரு சமையல்காரர், ஒரு ஆண் மேற்பார்வையாளர். ஒரு கிராமத்தில் தங்குவார்கள், வீடு வீடாக நடப்பார்கள், முடித்துவிட்டு அடுத்த கிராமம். கல்யாணமாகாத பெண்கள் கூட்டமாக ஊர் ஊராக நடந்து போவதே அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் அவர்கள் வாசலில் நின்றபோது எந்தப் பர்தாவும் குறுக்கே வரவில்லை. வங்காள முஸ்லிம்கள் அக்காவை 'ஆபா' என்பார்கள், நம்மூர் முஸ்லிம் வீடுகளில் 'லாத்தா' என்று கூப்பிடுவதுபோல. வந்தவர்கள் ஆபாக்கள் ஆனார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

(ஒரு சின்ன விஷயம்: இதைப் படித்துவிட்டு வீட்டில் கைக்கணக்கில் கலக்காதீர்கள். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. இன்று மெடிக்கல் ஷாப்பிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கிடைக்கிறது. அதில் போட்டிருக்கும் அளவுதான் சரி.)

கற்றுக்கொண்டார்கள்... ஆனால் கலக்கவில்லை!

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏனென்றால் இந்தத் திட்டம் முதலில் தோற்றது.

பிராக்கின் சம்பளமுறையே வித்தியாசமானது. ஆபா சொல்லித்தந்துவிட்டுப் போன சில வாரங்கள் கழித்து, கண்காணிப்பாளர் ஒருவர் திடீரென்று வருவார். சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த அம்மாக்களைக் கேள்வி கேட்பார், கலக்கிக் காட்டச் சொல்வார், கலக்கிய கரைசலை எடுத்துப்போய் உப்பின் அளவைச் சோதனைச்சாலையில் பார்ப்பார்கள். அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் ஆபாவுக்குச் சம்பளம். டீச்சருக்கு மாணவியின் மார்க்கை வைத்துச் சம்பளம் போடுவதுபோல. இதனால் சொல்லிக்கொடுப்பது படு கச்சிதமாக நடந்தது. பெரும்பாலான அம்மாக்கள் சரியாகவே கலக்கினார்கள்.

ஆனால், வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தீர்களா என்று கேட்டால், பத்துப் பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

ஏன்? இந்த இடத்தில் 'கிராமத்துப் பெண்கள், படிப்பறிவில்லை, மூடநம்பிக்கை' என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். பல அரசுத் திட்டங்கள் அப்படித்தான் மூடப்படுகின்றன. இவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கிடைத்த பதில்கள் சுவாரஸ்யமானவை.

முதலாவது, நாம் 'வயிற்றுப்போக்கு' என்று ஒரே சொல்லால் சொல்வதை அந்த அம்மாக்கள் நான்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். பால்குடிக்கும் குழந்தைக்கு வருவது 'தூத் ஹாகா'. அம்மாவின் பாலில் ஏதோ கோளாறு என்பது நம்பிக்கை. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வருவது 'அஜீர்ணோ' (நம் அஜீரணமேதான்). சளியும் ரத்தமுமாக வருவது 'ஆமாஷா'. தண்ணீர்போலக் கொட்டி ஆளைச் சாய்ப்பது மட்டும்தான் 'டயரியா'. ஆபாக்கள் டயரியாவுக்குக் கொடுங்கள் என்றார்கள். அம்மாக்களும் டயரியாவுக்காகக் காத்திருந்தார்கள். மற்ற மூன்றும் அவர்கள் கணக்கில் வேறு நோய்கள். சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்!

இரண்டாவது, சொல்லிக்கொடுத்த ஆபாக்களில் பலருக்கே இதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் அவர்கள் மாத்திரை தேடினார்கள். உப்பும் வெல்லமும் ஏழைகளுக்கு என்ற நினைப்பு. தவிர, இந்தக் கரைசல் போக்கை உடனே நிறுத்தாது. இழந்த நீரைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதைப் புரியவைக்காவிட்டால் 'குடித்தும் நிற்கவில்லையே' என்று அம்மா இரண்டாவது டம்ளரோடு நிறுத்திவிடுவார். ஆபாக்களுக்கான பயிற்சியையே புதிதாக எழுதினார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். ஆண்களை விட்டுவிட்டார்கள்.

எங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள், என் மனைவியிடம் ரகசியமாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கணவன் இப்படி யோசித்தால், அந்தக் கரைசல் அந்த வீட்டில் கலக்கப்படாது. மாமியாருக்கும் அதே கோபம். அதனால் ஆண் ஊழியர்களையும் சேர்த்தார்கள். பெண்கள் முற்றத்துக்குள் போனபோது, ஆண்கள் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மசூதிக்கும் போனார்கள். தொழுகை முடிந்து கூடியிருக்கும் ஆண்களிடம், உங்கள் வீட்டில் சொல்லித்தந்தது இதுதான் என்று விளக்கினார்கள். குழந்தையின் உயிரைக் காப்பாற்றுகிற விஷயத்துக்கு எந்த இமாம் குறுக்கே நிற்பார்?

பயன்பாடு ஏறியது. 1980-க்கும் 2005-க்கும் இடையில் வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கால் நேரும் குழந்தை மரணங்கள் 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தன. அது முழுக்க லோபோன்-குர்ருக்கான மார்க் என்று சொல்ல முடியாது. தடுப்பூசி, வைட்டமின் ஏ, ஆழ்குழாய்க் கிணறு எல்லாமும் கூட வந்தன. ஆனால், மசூதி வாசலும் வீட்டு முற்றமும் ஒரே செய்தியைச் சொன்ன முதல் பெரிய முயற்சி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மாத்திரையை யார் கொண்டுவந்தது?

உப்பும் வெல்லமும் பிரச்னை இல்லாத பொருள்கள். கருத்தடை மாத்திரை?

அது இன்னும் கடினம். வங்காளத்தில் ஒரு சொலவடை உண்டு. வாயைக் கொடுத்தவன் சோற்றையும் கொடுப்பான் என்று அர்த்தம். நாம் 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று சொல்வதுபோல. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் ஜனாஸா தொழுகை நடத்த மாட்டார்கள் என்ற பேச்சும் கிராமங்களில் உலவியது. இறந்த பிறகு கடைசித் தொழுகைகூடக் கிடைக்காது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

டாக்காவிலிருந்து சில மணி நேர தூரத்தில் மத்லப் என்ற பகுதி. ஆய்வாளர்கள் வீட்டுக்கு வீடு பிறப்பு, இறப்பைக் குறித்துவைக்கும் இடம். 1975-ல் அங்கே வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்க ஆள் போட்டார்கள். பெரும்பாலும் வயதான, கணவரை இழந்த, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். பலர் மருத்துவச்சிகள். வயதானவர்கள் ஊருக்குள் சுற்றினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்ற கணக்கு. கொஞ்ச நாள் மாத்திரை ஓடியது, பிறகு படுத்துவிட்டது. தலை சுற்றுகிறது, மாதவிடாய் மாறுகிறது என்று கேட்கும் இளம் அம்மாவுக்கு அந்தப் பாட்டியிடம் பதில் இல்லை. அவர் அந்த மாத்திரையைப் போட்டுப் பார்த்ததே இல்லையே!

1977-ல் ஆட்களை மாற்றினார்கள். அதே ஊர்களைச் சேர்ந்த, படித்த, கல்யாணமான 80 இளம்பெண்கள். அவர்களே ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்துகிறவர்கள். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்' என்று சொல்லத் தெரிந்தவர்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு முறைக்கு மாற்றிவிடவும் செய்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தம்பதிகள் கருத்தடைக்கு வந்துவிட்டார்கள். ஊரும் மதமும் பர்தாவும் மாறவில்லை. வாசலில் நின்றவர் மட்டும் மாறியிருந்தார்.

அரசாங்கமும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. குடும்ப நல உதவியாளர் என்ற பெயரில் 20,000-க்கும் அதிகமான பெண்களை நாடு முழுக்க வேலைக்கு எடுத்தது. இன்னொரு பக்கம், இஸ்லாமிய அறக்கட்டளை மூலமாக இமாம்களுக்குப் பயிற்சி. மார்க்கக் கல்வியோடு சுகாதாரம், விவசாயம், குடும்ப நலம் எல்லாம் பாடத்தில் சேர்ந்தன. அவர்களுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 11, 12-ம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, கர்ப்பத்தைத் தவிர்க்கும் பழைய முறையைப் பற்றி விவரமாகவே எழுதியிருக்கிறார். மனைவியின் உடல்நலத்துக்காக, பிரசவ ஆபத்தைத் தவிர்ப்பதற்காக, ஏன், அவள் அழகு குலையாமல் இருப்பதற்காகவும்கூட அதைச் செய்யலாம் என்பது அவர் கருத்து. 900 வருடங்களுக்கு முன்னால்!

1970-களின் மத்தியில் 100 தம்பதிகளில் 8 பேர் மட்டுமே கருத்தடை முறைகளைப் பயன்படுத்தினார்கள். 40 வருடத்தில் அது 60-ஐத் தாண்டியது. ஆறுக்கும் மேலாக இருந்த சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 2011-ல் 2.3.

ஒரே நாடாக இருந்த இரண்டு நாடுகள்

'சரி, இதில் மதத்துக்குப் பங்கே இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு ஒப்பீடு கைவசம் இருக்கிறது. 1971 வரை வங்கதேசமும் பாகிஸ்தானும் ஒரே நாடு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிழக்கில் சுமார் 5 கோடிப் பேர், மேற்கில் சுமார் 4 கோடியே 30 லட்சம். கிழக்குதான் பெரியது. மேற்குதான் பணக்காரப் பக்கம்.

இன்று? வங்கதேசத்தில் சுமார் 17 கோடி. பாகிஸ்தானில் 24 கோடி. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாகிஸ்தானில் ஆயிரத்துக்கு 60-ஐ ஒட்டி; வங்கதேசத்தில் 30-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட பாதி. இரண்டு நாடுகளிலும் பெரும்பான்மை ஒரே மதம், அதிலும் ஒரே சன்னி - ஹனஃபி வழி. மதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இந்த இடைவெளி வந்திருக்கக் கூடாது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு குட்டு உண்டு. தனிநபர் வருமானத்தில் இந்தியாவில் ஏறத்தாழ பாதியே இருந்த நிலையிலேயே வங்கதேசம் ஆயுள், குழந்தை மரணம் போன்றவற்றில் நம்மைத் தாண்டியதை, 2013-ல் வெளிவந்த தங்கள் புத்தகத்தில் அமர்த்தியா சென்னும் ஜான் த்ரேஸும் சுட்டிக்காட்டினார்கள்.

ஏன் வங்கதேசத்தால் முடிந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நெருக்கமான சின்ன நாடு, நடந்தே போய்விடலாம் என்பது ஒரு காரணம். புயலும் பஞ்சமும் பார்த்த ஆட்சியாளர்களுக்கு, இனியும் மக்களைச் சாகவிட்டால் நாற்காலி நிற்காது என்ற பயம் வந்துவிட்டது என்கிறார் நவோமி ஹொசைன் என்ற ஆய்வாளர். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் நியாயமாகப் படுகிறது. ஆபாக்கள் நடந்தார்கள் சரி, நடக்கவிட வேண்டுமே!

மரத்தை வெட்டினார்கள், பள்ளியை எரித்தார்கள்

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் எதிர்ப்பு வெடித்தது.

பிராக் 1985-ல் 22 ஓரறைப் பள்ளிகளோடு கல்விப் பக்கம் வந்தது. மாணவர்களில் பெரும்பகுதி பெண் குழந்தைகள். டீச்சர், அதே ஊர்ப் பெண். கூடவே கடன் குழுக்கள், பட்டுப்புழு வளர்ப்பு என்று பெண்கள் கையில் காசு புழங்க ஆரம்பித்தது. 1993, 94-ல் பல ஊர்களில் பள்ளிகள் எரிக்கப்பட்டன. பட்டுப்புழுவுக்காகப் பெண்கள் நட்ட முசுக்கொட்டை மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. கிராமப் பஞ்சாயத்துகள் ஃபத்வா என்ற பெயரில் பெண்களுக்குக் கசையடி கொடுத்த செய்திகள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். (ஃபத்வா சொல்லலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.)

கவனித்தீர்களா? உப்பும் வெல்லமும் வந்தபோது எரியாத நெருப்பு, மாத்திரை வந்தபோதுகூட முணுமுணுப்போடு அடங்கிய நெருப்பு, பெண்ணின் கையில் பணமும் புத்தகமும் வந்தபோது எரிந்தது. எதிர்த்தவர்கள் மதத்தின் பெயரில் பேசினார்கள். ஆனால், கிராமத்தில் கடன் கொடுத்து வாழ்ந்தவர், பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லி வாழ்ந்தவர் எல்லோருக்குமே இதில் இழப்பு இருந்தது.

மதரஸாவுக்குள் மாணவிகள்

அதே 1994-ல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. கிராமப்புறத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் எல்லாப் பெண்களுக்கும் உதவித்தொகை. மூன்று நிபந்தனைகள்: 75 சதவிகித வருகை, 45 சதவிகித மதிப்பெண், படிப்பு முடியும்வரை கல்யாணம் கூடாது.

உதவித்தொகை அரசு அங்கீகாரம் பெற்ற மதரஸாக்களுக்கும் உண்டு. மாணவிகள் வந்தால் பள்ளிக்கும் பணம் வரும். அதுவரை பையன்களை மட்டுமே சேர்த்த பல 'ஆலியா' மதரஸாக்கள் கதவைத் திறந்தன. இன்று அந்த மதரஸாக்களின் உயர்நிலை வகுப்புகளில் ஏறத்தாழ பாதி மாணவிகள்! பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய அப்பா, மதரஸா என்றால் சரி என்றார். குர்ஆனோடு கணக்கும் ஆங்கிலமும் வீட்டுக்கு வந்தன. 'மதரஸா என்றாலே பழைமைவாதம்' என்று எழுதுபவர்கள் இந்த வகுப்பறைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படித்த பெண்கள் அடுத்து எங்கே போனார்கள்? லட்சக்கணக்கானவர்கள் டாக்கா, சிட்டகாங் ஆயத்த ஆடை ஆலைகளுக்கு. உங்கள் அலமாரியில் தேடினால் 'மேட் இன் பங்ளாதேஷ்' சட்டை ஒன்று இருக்கக்கூடும். அந்த ஆலைப் பெண்களிடம் பேசிப் புத்தகம் எழுதிய நைலா கபீர் ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களோடு சேர்ந்து வேலை செய்கிறீர்களே, பர்தா என்னாயிற்று என்ற கேள்விக்கு, அது மனதுக்குள் இருக்கிறது என்று அந்தப் பெண்கள் விளக்கம் வைத்திருந்தார்கள். மார்க்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. தங்கள் நடைக்கு ஏற்றபடி அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

அசையாமல் நிற்கும் இரண்டு

இத்தனை மாறிய நாட்டில் இரண்டு விஷயங்கள் மட்டும் கல்லாக நிற்கின்றன. சொத்து, கல்யாண வயது.

மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு என்ற வாரிசு முறையைத் தொட, எந்த ஆட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. தொட முயன்றால் தெரு நிரம்புகிறது. 2013 மே மாதம் ஹிஃபாஜத்-இ-இஸ்லாம் அமைப்பு தன் 13 கோரிக்கைகளோடு டாக்காவையே முடக்கியது. ஷேக் ஹசீனா ஆட்சி 2024-ல் கவிழ்ந்தபிறகு, இடைக்கால அரசு அமைத்த பெண்கள் சீர்திருத்த ஆணையம் சொத்தில் சம உரிமையைப் பரிந்துரைத்தது. 2025 மே மாதம் அதே அமைப்பு அதற்கு எதிராக டாக்காவில் பெரும் கூட்டத்தைத் திரட்டியது. உப்பு-வெல்லத்தில் எந்த அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நஷ்டமில்லை. நிலத்தில் இருக்கிறது. அதனால்தான் ஆபாக்களின் வழி இங்கே வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது.

கல்யாண வயதில் கதை இன்னும் வருத்தமானது. 20 முதல் 24 வயதுக்குள் இருக்கும் வங்கதேசப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர், 18 வயதுக்கு முன்பே மணமுடித்தவர்கள். தெற்காசியாவிலேயே மிக மோசமான கணக்கு இது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வழி கண்டுபிடித்த நாடு, அம்மாக்களின் வயதை உயர்த்த இன்னும் வழி காணவில்லை. வீட்டில் கேட்டால் மார்க்கம் என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். வரதட்சணை, பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை, வயது ஏறினால் மாப்பிள்ளை கிடைக்காது என்பவர்கள் இன்னொரு பக்கம். வரதட்சணைக்கு இஸ்லாத்தில் இடமே இல்லை என்பதை அந்த ஊர் இமாமும் அறிவார்.

2017-ல் பழைய குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தண்டனையும் கூட்டப்பட்டது. கூடவே ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்: 'சிறப்புச் சூழ்நிலை' இருந்தால், பெற்றோர் சம்மதத்தோடும் நீதிமன்ற அனுமதியோடும் அதற்குக் கீழான வயதிலும் கல்யாணம் செய்துவைக்கலாம்.

அந்தக் 'கீழான வயது' எத்தனை என்று சட்டத்தில் எழுதப்படவில்லை.